வேறு ஏதேனும் யோசனைகள்

நூற்றுப் பதினெட்டுப் பேரில் மூன்று பேர். ஆறு மாதம் அலைந்து திரிந்து நாங்கள் கண்டுபிடித்த உண்மை இதுதான். சிறைக்குள் இருக்கும் நூற்றுப் பதினெட்டுப் பேரில் மூன்றே மூன்று பேருக்குத்தான் மனசு சரியில்லை. மீதி நூற்றுப் பதினைந்து பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சௌக்கியமாக இருக்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

என் பெயர் ஷெரின். ஊர் இராயப்பன்பட்டி. சமூகப்பணி படித்துவிட்டு, சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கள ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறையில் இருப்பவர்களுக்கு மனநலத் தேவைகள் என்னென்ன என்று கண்டறிவதுதான் ஆய்வு. எந்தச் சிறை என்று சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாசலில் நின்றால் மலை தெரியும் என்று மட்டும் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் எந்த வாசலில் நின்றாலும் மலை தெரியும், அதனால் ரகசியம் கெடாது.

ஆய்வோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு ஓர் ஏற்பாடும் இருந்தது. சின்னமனூரில் இருக்கும் டாக்டர் சுந்தரலிங்கம், ஓய்வு பெற்ற மனநல மருத்துவர், புதன்கிழமைதோறும் சிறைக்கு வருவார். யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் படிவம் சொல்லும். பதில்களுக்கு மதிப்பெண் உண்டு. அது ஓர் அளவைத் தாண்டினால் நான் பரிந்துரைச் சீட்டு எழுதுவேன். மூன்று பேர்தான் தாண்டினார்கள். மீதி நேரமெல்லாம் டாக்டர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செய்தித்தாளில் வரி விளம்பரம் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார். வரும் புதனோடு அவருக்கு அனுமதி முடிகிறது. மறுநாள் வியாழக்கிழமை எங்கள் அறிக்கை அரசுக் குழுவுக்குப் போக வேண்டும். நூற்றுப் பதினெட்டில் மூன்று என்று அறிக்கை சொன்னால், அடுத்த புதனுக்கு எந்த அரசாங்கம் டாக்டரை அனுப்பும்?

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். சென்னையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தபோதே மண்டையில் அடித்துச் சொல்லிவிட்டார்கள். கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, ஊர்ப்பேச்சில் மாற்றக் கூடாது. மாற்றினால் ஒருவருக்குக் கேட்ட கேள்வி வேறு, இன்னொருவருக்குக் கேட்ட கேள்வி வேறு என்று ஆகிவிடும். நியாயமான விதி. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், அதனால் மற்றவர்களைவிட நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் மனச்சோர்வுடன் உணர்ந்தீர்கள்?" என்று வாசிப்பேன்.

"சோர்வெல்லாம் இல்லம்மா. போடுற சோத்தத் திங்கிறேன்ல" என்பார்கள்.

"எதிலும் ஆர்வமின்மை ஏற்பட்டதா?"

"இங்கன எதுலம்மா ஆர்வமா இருக்கச் சொல்றீக?"

இதற்கு எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியாது. அது மட்டுமில்லை, 'மன' என்று தொடங்கும் எந்தச் சொல் காதில் விழுந்தாலும் முகம் மூடிக்கொள்ளும். கிறுக்கன் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் ஜாமீன் கிடைக்காது என்று உள்ளே ஒரு பேச்சு இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்று நாற்பத்தோரு கேள்வியும் ஓடிவிடும். கடைசியில், எல்லாப் படிவத்துக்கும் வால் மாதிரி வைப்பார்களே, அந்தக் கேள்வி.

"வேறு ஏதேனும் யோசனைகள் உண்டா? ஆம் எனில், குறிப்பிடுக."

சுருளியாண்டியிடம் இதை வாசித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காமயகவுண்டன்பட்டிக்காரர், வயது நாற்பத்து நான்கு. திராட்சைத் தோட்ட வேலை செய்தவர் என்பது விரல்களில் இருந்த கத்திரித் தழும்புகளிலேயே தெரிந்தது. பெஞ்சின் நுனியில், எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்பது போல உட்கார்ந்திருந்தார். நாற்பத்தோரு கேள்விக்கும் "இல்ல தாயி" என்றவர், நாற்பத்திரண்டாவதுக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கு தாயி."

"என்ன என்று குறிப்பிட முடியுமா?"

"சொல்லி மாளாது" என்றார். என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற தலைமைக் காவலர் முத்துக்கருப்பனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பேட்டி நடக்கும்போது காவலர் ஒருவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. முத்துக்கருப்பன் ஆண்டிபட்டிக்காரர், ஆறடி ஆள், முறுக்கு மீசை. அவர் "ஏலே" என்றால் அந்தக் கட்டடத்துக் காக்காயெல்லாம் பறந்து போகும். இந்த மனிதர்களுக்குச் சாப்பாடு பற்றி, கழிப்பறை பற்றி, தண்ணீர் பற்றிச் சொல்ல ஆயிரம் யோசனை இருக்கிறது, இந்த மீசைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். "ஆம்" என்று குறித்துவிட்டு, விவரம் எழுதும் கோட்டைக் காலியாக விட்டேன். இப்படியே எண்பத்து நான்கு பேர். ஒவ்வொரு முறையும் முத்துக்கருப்பன் மேல் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

அறிக்கை போக ஒரு வாரம் இருக்கும்போது, முந்தின வியாழக்கிழமை, சென்னையிலிருந்து தரவுப் பிரிவின் மின்னஞ்சல் வந்தது. கேள்வி 42இல் 'ஆம்' எண்பத்து நான்கு, விவரம் பூஜ்யம். ஆகவே 'ஆம்' என்பதை 'இல்லை' என்று திருத்தி அனுப்பவும். 'தயவுசெய்து' கூடப் போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக டாக்டர் ஹேமாவதிக்குப் போன் போட்டேன். ஆய்வுக்குத் தலைவர் அவர். இதுவரை குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

"ஆமான்னு சொன்னவங்களை இல்லைன்னு எப்படி மேடம் மாத்துறது?"

"யோசனை இருக்குன்னு சொல்லிட்டு ஒரு யோசனைகூடச் சொல்லலைன்னா, அது பதில் இல்லை ஷெரின்."

"பயப்படுறாங்க மேடம். காவலரைப் பாத்துட்டு நிறுத்திக்கிறாங்க."

"அது உங்க அபிப்பிராயம். அபிப்பிராயத்தை அறிக்கையில போட முடியாது. ஆதாரம் இருக்கா?"

"கொண்டு வரேன்" என்று போனை வைத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிறைக்குக் கிளம்பினேன், முத்துக்கருப்பனை ஒரு கை பார்த்துவிடுவது என்று.

அவர் கேட்டை ஒட்டிய அறையில் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அண்ணே, நேராவே கேக்குறேன். எண்பத்து நாலு பேர் யோசனை இருக்குன்னு எங்கிட்டச் சொல்லிருக்காக. என்னன்னு கேட்டா உங்களப் பாத்துட்டு வாய மூடிக்கிறாக. அப்படி என்ன சொல்லி வச்சிருக்கீக உள்ள?"

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யோசனை இல்லாமயா இருக்கும் மேடம்? வந்த ரெண்டாம் நாளே வந்துரும்ல. சோறு எறங்காது. குப்புறப் படுத்துக்கிருவான். பக்கத்துல நின்னு கூப்புட்டாலும் காதுல விழுகாது. என்னலேன்னு உலுக்குனா, யோசனையா இருக்குய்யாம்பான். முத்திப்போச்சுன்னா செவத்துல போய் முட்டுவான், இல்ல வேட்டியக் கிழிப்பான். அதுக்குத்தான் யோசனைக்காரன நாங்க ஓரத்துல படுக்க விடுறதில்ல. நடுவுல போட்டு, ரெண்டு பக்கமும் தெளிவான ஆளாப் படுக்க வைப்போம். ஒரு அசைவு அசைஞ்சாலும் பக்கத்து ஆளுக்குத் தெரிஞ்சு போகும்ல."

நான் உட்கார்ந்தேன்.

"என்னையப் பாத்தான்னா வேற எதுக்குங்கிறீக? இதயெல்லாம் ஏற்கெனவே எங்கிட்டச் சொல்லிருப்பான். மறுபடி மொதல்ல இருந்து சொல்லணுமான்னு பாத்திருப்பான்" என்றார்.

யோசனை. எங்கள் வீட்டில் இந்தச் சொல் சோற்றுக்கு உப்பு மாதிரிப் புழங்கும். சித்தி ஒருத்தி "யோசனை பண்ணிப் பண்ணியே கரைஞ்சு போனா" என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் மார்க் குறைந்து வந்து மூலையில் உட்கார்ந்திருந்தால் "என்னடி யோசனை?" என்றுதான் கேட்பார். அந்தச் சொல்லை, செல்போனை ஒப்படைக்கிற மாதிரி கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு, அச்சடித்த தமிழை மட்டும் உள்ளே கொண்டு போயிருக்கிறேன். சென்னையில் யோசனை என்றால் ஆலோசனை. அவர்கள் தப்பாக எழுதவில்லை. இந்த மனிதர்களும் தப்பாகச் சொல்லவில்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தெரிந்த ஒருத்தி, எதுவும் தெரியாத மாதிரி டிக் போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"சுருளியாண்டி எங்கண்ணே படுக்குறாரு?"

"நடுவுலதான். மூணு மாசமா."

வெளியே வந்து போனை வாங்கியதும் ஹேமாவதியைக் கூப்பிட்டேன். புரியும்படி சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சுவாரசியமா இருக்கு. ஆனா இப்ப ஒண்ணும் செய்ய முடியாது. கேள்வியை மாத்தி மறுபடி கேக்கணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும். ஆறு வாரம் ஆகும். ஒரு தலைமைக் காவலர் சொன்ன அர்த்தத்தை வெச்சு முடிவுகளை மாத்தவும் முடியாது."

"எங்கம்மாவும் அதே அர்த்தம்தான் மேடம் சொல்லுவாங்க."

"அம்மாவை மேற்கோள் காட்ட முடியாது ஷெரின்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆறு வாரம் என்றால் வியாழக்கிழமை அறிக்கை போய்விடும். மூன்று பேர் என்ற எண்ணோடு போகும். டாக்டர் போய்விடுவார். எண்பத்து நான்கு பேரும் நடுவில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை முழுக்க ஆய்வு நெறிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலையில் சேரும்போது கொடுத்த புத்தகம், அறுபது பக்கம். எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், யாரும் படிக்க மாட்டோம். முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: 'பங்கேற்பாளர் எந்தக் கேள்விக்கான பதிலிலும், எந்தச் சொல்லிலும், மன வேதனையைத் தெரிவித்தால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவரை மருத்துவரிடம் பரிந்துரைக்க வேண்டும்.' மதிப்பெண் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. குழுவின் அனுமதியும் தேவையில்லை. இது ஆராய்ச்சி இல்லை, கடமை. எந்தக் கேள்விக்கான பதிலிலும். எந்தச் சொல்லிலும். நான் எழுந்து நின்று இரண்டு தடவை வாசித்தேன்.

முப்பத்திரண்டாம் பக்கத்தையும் வாசித்தேன். தாமதமாகப் பரிந்துரைத்தால் கள ஆய்வாளர் தன் பெயரில் மீறல் அறிக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று மீறல் ஆனால் வேலையிலிருந்து நீக்கலாம். என்னிடம் எண்பத்து நான்கு இருந்தன. பயம் இல்லை என்று சொன்னால் பொய். இந்த வேலையை விட்டால் எங்கள் பக்கத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. இந்த மாதிரி ஒரு கரும்புள்ளியோடு சென்னையிலும் எடுக்க மாட்டார்கள். இருந்தும், அந்த எண்பத்து நான்கு 'ஆம்' என் கையெழுத்தில் இருந்தன. அவற்றை 'இல்லை' ஆக்கும் கை என்னுடையதாக இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அம்மா இன்னாசியம்மாள் எதிரில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, பரீட்சையா?"

"ஆமாம்மா. தப்பு எழுதுனதத் திருத்தி எழுதுறேன்."

படிவத்தில் பெயருக்குப் பதிலாக இருந்த ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்கும் ஒரு பரிந்துரைச் சீட்டு, ஒரு மீறல் அறிக்கை. சீட்டில் 'தெரிவித்த வேதனை' என்ற இடத்தில் அவர்கள் சொன்ன ஒரே சொல்லை எழுதினேன். யோசனை. காரணம் என்ற இடத்தில், 'கேட்டவருக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் கவனிக்கவில்லை' என்று எழுதினேன். எண்பத்து நான்கு முறை அந்த வரியை எழுதினால் கை வலிக்கும். வலிக்கட்டும் என்று இருந்தது. ஐம்பத்து மூன்று பேர் ஜாமீனிலோ வேறு சிறைக்கோ போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுதிய சீட்டு யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதினேன். உள்ளே மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

பொழுது சாய்வதற்குள் முடித்து, படம் எடுத்து, எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹேமாவதி கூப்பிட்டார்.

"எண்பத்து நாலு மீறல் அறிக்கை வந்திருக்கு. உங்க பேர்ல. தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"முப்பத்திரண்டாம் பக்கம்?"

"படிச்சுட்டேன்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அந்தத் தமிழ்ப் படிவத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்" என்றார். "யோசனைங்கிற இடத்துல கருத்துன்னு போட்டிருக்கலாம்னு அப்பவே ஒருத்தர் சொன்னார். எல்லாம் ஒண்ணுதானேன்னு நான்தான் விட்டேன். மீறல் அறிக்கையில உங்க கையெழுத்துக்குக் கீழ என் பேரையும் போடுங்க. என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஆகட்டும்."

இத்தனை நாள் இவரைக் கல் என்று நினைத்திருந்தேன்.

"கேளுங்க ஷெரின். சீட்டு வந்துட்டதால டாக்டர் பாத்தே ஆகணும், யாரும் தடுக்க முடியாது. புதன்கிழமை எத்தனை பேரைப் பாக்க முடியுமோ பாக்கட்டும். அவர் கண்டுபிடிச்சு எழுதுறதுதான் ஆதாரம். அதை அறிக்கையோட முதல் பக்கத்துல நான் போடுறேன். ஆனா அதுக்கப்புறம் டாக்டரைத் தொடர்ந்து அனுப்புவாங்களான்னு எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலை. நீங்களும் கொடுக்காதீங்க."

"சரி மேடம்" என்றேன்.

புதன்கிழமை டாக்டர் சுந்தரலிங்கம் வழக்கம்போலச் செய்தித்தாளோடு வந்தார். நான் முப்பத்தொரு சீட்டை மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவது சீட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்துலயும் யோசனைன்னே இருக்கே."

"ஆமா டாக்டர்."

"எங்கிட்ட வர்ற ஜனம் எல்லாம் அதத்தான்மா சொல்லும். யோசனைன்னு சொல்லாத நோயாளிய இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல. ஆறு மாசமா இங்கன சும்மா உக்காந்திருந்தேன், உங்க படிவத்துல என்ன கேக்குறீங்கன்னு ஒரு நாளாச்சும் வாங்கிப் பாத்தேனா?" என்றவர், செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்தார். "யாரை மொதல்ல பாக்கணும்?"

டாக்டரைப் பார்க்கச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் நான் கேட்டாக வேண்டும். சுருளியாண்டியை முதலில் கூப்பிடச் சொன்னேன். அதே பெஞ்சு. அதே நுனி. இந்த முறை என் கையில் படிவம் இல்லை.

"என்ன யோசனைண்ணே?" என்று கேட்டேன். அம்மா என்னைக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவர் விரல் தழும்புகளைத் தடவிக்கொண்டார். பிறகு, பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போலச் சொன்னார்.

"மொறைத் தண்ணிக்குச் சண்ட தாயி. எங்கண்ணனும் நானும். அது என் மடைய அடைச்சுட்டு அது பக்கம் திருப்புச்சு. நான் தள்ளிவிட்டேன். அடிக்கல, தள்ளத்தான் செஞ்சேன். திராட்சக்கொடி ஏத்துற பந்தக்கல்லுல மண்டை பட்டுருச்சு. இருவது நாள் ஆசுபத்திரியில கெடந்துச்சு. முழிக்கவே இல்ல. எங்காத்தா கஸ்தூரியம்மா, அதுக்கு நாங்க ரெண்டு பேருதான். இப்ப அது எந்தப் பிள்ளைக்கு அழுகும்? செத்த பிள்ளைக்கா, கொன்ன பிள்ளைக்கா? ஒரு நா கூட என்னையப் பாக்க வரல. வரவும் வேணாம். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்ல, அதுவும் வேணாம். வந்து எந்த மொகத்தோட அந்தத் தோட்டத்துல நிப்பேன்?"

பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வர்ற செவ்வாக்கெழம அண்ணனுக்கு வருசத் தெவசம். அன்னைக்கு நானும் போயிரலாம்னு ஒரு யோசனை. மத்ததெல்லாம் வரும், போகும். இந்த ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது."

மூன்று மாதத்துக்கு முன்னால், இதே பெஞ்சில், சொல்லி மாளாது என்று இவர் சொன்னபோது நான் கழிப்பறையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத டாக்டர்ட்டயும் சொல்லுவீகளாண்ணே?"

"கேட்டா சொல்லுவேன் தாயி. யாரும் கேக்கல, அதான் சொல்லல."

டாக்டர் அவரை ஒரு மணி நேரம் வைத்திருந்தார். வெளியே வந்ததும் முத்துக்கருப்பனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். மாத்திரையைக் காவலரே கையில் கொடுத்து விழுங்க வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை பகலிலும் இரவிலும் ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும், தனியாக எங்கேயும் அனுப்பக் கூடாது. முத்துக்கருப்பன் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "செவ்வாக்கெழம எனக்கு லீவு. வந்துருறேன்" என்று மட்டும் சொன்னார்.

மதியம் சாப்பாட்டுக்குக்கூட டாக்டர் எழுந்திருக்கவில்லை. அன்று மொத்தம் பதினான்கு பேரைப் பார்த்தார். பதினான்கில் பதினொரு பேருக்கு மருந்தோ தொடர் சிகிச்சையோ தேவை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாலரை மணிக்கு நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். பதினேழு சீட்டு மேசையில் அப்படியே கிடந்தது.

அறைகளுக்குத் திரும்ப அழைத்துப் போகும்போது சுருளியாண்டி வரிசையிலிருந்து விலகி என் பக்கம் வந்தார். காவலர் ஒருவர் தடுக்கப் பார்த்தார். முத்துக்கருப்பன் கையைக் காட்ட, அவர் நின்றுகொண்டார்.

"தாயி, அடுத்த பொதன் டாக்டர் வருவாகளா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பைக்குள் எதையோ தேடினார். அவருக்கான அனுமதி அன்றோடு முடிகிறது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்குக் கொடுக்காதே என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுருளியாண்டி காத்துக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கு மறுநாள் புதன்.

"வருவாக" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா வருவாகண்ணே. நானும் வருவேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப அதுவரைக்கும் இருக்கேன் தாயி" என்றார். வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

கேட்டில் போனைத் திரும்ப வாங்கப் போனேன். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "உத்தரவு வந்தாலும் வராட்டியும் நான் பஸ் ஏறி வந்துருவேன்மா. ஆனா இவங்க உள்ள விடணுமே" என்றார். முத்துக்கருப்பன் வாசல் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பி, அடுத்த புதன்கிழமையின் தேதியைப் போட்டு, அதற்கு நேரே டாக்டர் சுந்தரலிங்கம், மனநல மருத்துவர், பதினேழு பேர் என்று எழுதினார்.

"உத்தரவு கையில இல்லாம இதுல ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது மேடம்" என்றார், எழுதிக்கொண்டே. பிறகு தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சாட்சிக்கு என்னையும் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். போட்டேன்.